சக்கரத்தின் அளவும் காரின் குணமும்

மோட்டார் காரின் டயர்ப் பக்கத்தில் "185/60 ஆர் 14" என்பது போன்ற குறியீட்டை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. 'ஆர்' ரேடியல் டயரைக் குறிக்கும். கடைசி எண் சக்கரத்தின் விட்டம், அதுமட்டும் அங்குலத்தில்! மெட்ரிக் முறையும் ஆங்கில முறையும் ஒரே வரியில் குடித்தனம் நடத்துவது விந்தைதான்.

மேற்சொன்ன அளவு, ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் திறந்த காருக்குரியது. ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. வளைவுகளில் துடிப்பாகத் திரும்புவதே அதன் பெருமை. முப்பது வயதைக் கடந்துவிட்ட அக்கார்களுக்கு அழகு கருதிப் பெரிய சக்கரம் பூட்ட விரும்புவோர் பலர். விரும்பலாம், ஆனால் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

185-இல் 60 சதவீதம் 111 மி.மீ. மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர்கள், 222. பதினான்கு அங்குலம் 355.6. ஆக, மொத்த விட்டம் 577.6 மி.மீ. ஸ்பீடாமீட்டரும் கியர் விகிதமும் இந்த விட்டத்தை நம்பி அமைந்தவை. 15 அங்குலச் சக்கரத்தில் 195/50 டயர் போட்டால் 576. வேறுபாடு இரண்டு மி.மீ. கூட இல்லை. 205/45 ஆர் 16 என்றால் 590.9. அதுவரை பிழையின்றிக் காட்டிய ஸ்பீடாமீட்டர் 100 என்று காட்டும்போது கார் 102-க்கு மேல் ஓடும்.

இனி எடை. சக்கர விளிம்பிலுள்ள ஒரு கிலோ, காரோடு முன்னே செல்வதுடன் தானும் சுழல்கிறது. ஆதலால் அதன் இயக்க ஆற்றல், காரின் உடலிலுள்ள ஒரு கிலோவைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. மேலும், சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. கனத்த சக்கரம் மேட்டில் ஏறித் துள்ளினால் அதை அடக்கி மீண்டும் தரையில் பதிய வைக்க ஷாக் அப்சார்பர் திணறும். தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது? பக்கச்சுவரும் குட்டையானால் குழியின் அடி ரிம்மின்மேலேயே விழும். 17 அங்குலச் சக்கரம் பூட்டிய எம்.எக்ஸ்-5 நின்றால் அழகு. ஓடினால் அது வேறு கார் என்பதே என் எண்ணம்.

நான்கு போல்ட் துளைகளும் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைய வேண்டும். இதைக் கடைக்காரரே பார்த்துச் சொல்லிவிடுவார். பலர் கவனியாதது ஆஃப்செட். சக்கர அகலத்தின் நடுவிலிருந்து, அதைக் காரில் பூட்டும் முகம் எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே அது. இக்காரின் ஐந்தரை அங்குல அகல ரிம்முக்கு 45 மி.மீ. அதே ஆஃப்செட்டில் ஏழு அங்குல ரிம் வாங்கினால் உள்ளும் புறமும் 19 மி.மீ. வீதம் வளரும். அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே போனால் டயர் வெளியே வந்து மட்கார்டில் உரசும். கூட்டினால் உள்ளே சஸ்பென்ஷனில் இடிக்கும்.

நல்ல பிடிப்புள்ள டயர்கள் 14 அங்குலத்தில் அருகிவருவதால், எடை குறைந்த 15 அங்குலச் சக்கரமும் 195/50 டயருமே என் தேர்வு. பழைய கார்கள் அதிகம் ஓடுவதில்லை. டயரின் வரிகள் தேயாமல் இருக்க, ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். எனவே பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள். 2316 என்றிருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.