சிஎன்ஜி கார்: வாங்கும் முன் பங்க்கையும் சிலிண்டரையும் பாருங்கள்

வேகன்-ஆர் சிஎன்ஜி காருக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் 34. அதே காரின் பெட்ரோல் வகைக்கு 24, 25 என்கிறார்கள். கேட்டதும் கேஸில் இன்ஜின் ஏதோ மாயம் செய்கிறது என்று தோன்றும். ஆனால் 34 என்பது ஒரு கிலோ கேஸுக்கு. 24 என்பது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு. ஒரு கிலோ சிஎன்ஜியில் உள்ள எரிசக்தி ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். இன்ஜினின் திறன் ஒன்றும் கூடிவிடவில்லை. மிச்சம் வருவது விலையில்தான்.

அந்த மிச்சம் எவ்வளவு? பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், சிஎன்ஜி கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகர நெரிசலில் பெட்ரோலுக்கு 18 கிலோமீட்டரும் கேஸுக்கு 26 கிலோமீட்டரும் கிடைத்தால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் சொச்சம் மிச்சம். சிஎன்ஜி வகைக்குக் கூடுதலாக 90 ஆயிரம் கொடுத்திருந்தால், அதை மீட்க 43 ஆயிரம் கிலோமீட்டராவது ஓட வேண்டும். கால் டாக்ஸிக்கு இது ஓராண்டுக்குள் முடிகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுக்கும் குடும்பத்துக்குக் கணக்கு எளிதில் நேராகாது.

தமிழ்நாட்டில் ‘கேஸ் வண்டி’ என்றால் பலருக்கும் இன்னும் எல்பிஜி ஆட்டோவும் பழைய ஆம்னி வேனும்தான் நினைவுக்கு வருகின்றன. அது வேறு, இது வேறு. எல்பிஜி என்பது புரொப்பேன், பியூட்டேன் கலவை. கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும். சிஎன்ஜியில் பெரும்பகுதி மீத்தேன். சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. அதனால்தான் 200 பார் அழுத்தத்தில் வாயுவாகவே அடைக்கிறார்கள். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இது சுமார் 90 மடங்கு. அப்படி அடைத்தும் 60 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் நடைமுறையில் 8, 9 கிலோதான் பிடிக்கும். டிக்கியில் பாதியை அது எடுத்துக்கொள்ளும். அந்தக் குறையைப் போக்கத்தான் டாடா 2023-ல் அல்ட்ராஸ் காரில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிறிய சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கடியில் வைத்தது.

இழுவையும் குறையும். உள்ளே போகும் காற்றின் இடத்தில் ஒரு பகுதியை வாயு பிடித்துக்கொள்வதால், வேகன்-ஆர் ஒரு லிட்டர் இன்ஜினின் சக்தி சுமார் 67 குதிரைத்திறனிலிருந்து 57 ஆக இறங்குகிறது. சமவெளியில் பெரிதாகத் தெரியாது. நான்கு பேரோடு ஊட்டி மலைப்பாதை ஏறும்போது எரிபொருளை மாற்றும் சுவிட்சைப் பெட்ரோலுக்குத் திருப்பிவிடுவது நல்லது.

அடுத்தது பங்க். ஷோரூமில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் தினசரி நிம்மதி இதில்தான் இருக்கிறது. குழாய்வழி வாயு வரும் பங்க்கில் கம்ப்ரசர் அங்கேயே இருக்கும். அழுத்தம் முழுதாகக் கிடைக்கும். குழாய் எட்டாத இடங்களுக்கு லாரியில் அடுக்கிய சிலிண்டர்களில் வாயு வருகிறது. வண்டிகள் நிரப்ப நிரப்ப அந்த அடுக்கின் அழுத்தம் இறங்கும். அங்கே பூஸ்டர் கம்ப்ரசர் இல்லையென்றால், கடைசியில் வரிசையில் நிற்பவருக்கு அரை சிலிண்டர்தான் நிரம்பும். எண்ணூரில் இந்தியன் ஆயிலின் எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை வாயு) முனையம் தொடங்கியதே 2019-ல்தான். தமிழ்நாட்டில் சிஎன்ஜி பங்க்குகள் பெருகத் தொடங்கியது அதற்குப் பிறகு. ஆகவே உங்கள் வழியில் இருக்கும் பங்க்குக்கு மாலை நேரத்தில் ஒருமுறை போய், வரிசையையும் டிஸ்பென்சரில் அழுத்தம் காட்டும் எண்ணையும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

சிஎன்ஜிக்குச் சுத்தமான எரிபொருள் என்ற பெயரை வாங்கித் தந்தது டெல்லி. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-ல் தொடுத்த பொதுநல வழக்கில், நகரப் பேருந்துகள் எல்லாம் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் உத்தரவிட்டது. இழுபறிக்குப் பிறகு 2002 இறுதிக்குள் அது நடந்தேறியது. டீசல் கரும்புகைக்கு எதிராக அது பெரிய வெற்றி. ஆனால் இன்றைய பிஎஸ்-6 பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல. கரியமில வாயு குறைகிறது, உண்மை. எரியாமல் கசியும் மீத்தேனோ 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். டெல்லி, குருகிராம் சாலைகளில் ஓடும் வண்டிகளின் புகையை அளந்து, போக்குவரத்து மாசை ஆராயும் ஐசிசிடி அமைப்பு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், சிஎன்ஜி டாக்ஸிகளும் சிறு சரக்கு வண்டிகளும் ஆய்வக வரம்பைவிடப் பல மடங்கு நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கின. ‘பசுமை வாகனம்’ என்ற ஸ்டிக்கரை நம்பி வாங்க வேண்டியதில்லை.

பாதுகாப்பைப் பற்றிய பயம் பெரும்பாலும் தவறான இடத்தில் இருக்கிறது. மீத்தேன் காற்றைவிட லேசானது. கசிந்தால் எல்பிஜி போலத் தரையில் தேங்காமல் மேலே போய்விடும். பெட்ரோலைவிட அதிக வெப்பத்தில்தான் தானாகப் பற்றும். பயப்பட வேண்டியது அழுத்தத்துக்கு. அதனால்தான் நிரப்பும்போது எல்லோரையும் இறங்கச் சொல்கிறார்கள். சிலிண்டர் பலவீனமாக இருந்தால் அழுத்தம் ஏறுகிற அந்த நிமிடங்களில்தான் அது உடைய வாய்ப்பு அதிகம். மழையானாலும் தூங்கும் குழந்தையை எழுப்பி இறக்குங்கள்.

அந்தப் பலவீனத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். சிலிண்டரைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றி, அது எவ்வளவு விரிகிறது, மீண்டும் பழைய அளவுக்குச் சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். தண்ணீர் பெரிதாக அமுங்காது, எனவே சோதனையில் சிலிண்டர் பிளந்தாலும் சிதறாது. வாயுவில் பிளந்தால் கதை வேறு. நாட்டின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான ‘பெசோ’ அங்கீகரித்த மையத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். சில ஆயிரம் ரூபாய் செலவும் ஒரு நாள் அலைச்சலும் ஆகும் என்று தள்ளிப்போடுகிறவர்கள், பின்சீட்டில் உட்காரும் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

பழைய சிஎன்ஜி கார் வாங்குகிறவர்கள் பெயின்டையும் சீட் கவரையும் பார்ப்பதற்கு முன், அடுத்த சோதனை எப்போது என்று சொல்லும் தகட்டைத் தேடுங்கள். அதில் உள்ள எண்ணும் சிலிண்டரின் மேல் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளியில் கிட் மாட்டிய வண்டி என்றால், அது ஆர்சி புத்தகத்தில் ஏறியிருக்கிறதா, இன்சூரன்ஸில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அந்த வண்டி வேண்டாம்.