அப்பா சொல்லும் அந்தக் கச்சேரி... நிஜமா, கற்பனையா?

டி.வி.யில் ஒரு பழைய பாட்டு வந்தால் போதும். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "இதை நான் நேர்லயே கேட்டிருக்கேன், தெரியுமா? சிதம்பரம் கீழ வீதியில. ஆனித் திருமஞ்சனம். விடிய விடிய கச்சேரி. அந்தத் தபேலாக்காரன் என்னா வாசிப்பு வாசிச்சான்!" அடுத்த வரி என்னவென்று சமையல்கட்டில் இருக்கும் மருமகளுக்கே மனப்பாடம். பேரன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டான். மகன் மட்டும் கொஞ்சம் எரிச்சலோடு, "அப்பா... போன வாரம்தானே இதைச் சொன்னீங்க!" என்பார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறாரா? அப்படியானால் உங்களுக்கு இரண்டு சந்தேகம் வந்திருக்கும். அவர் சொல்வதெல்லாம் உண்மைதானா? இப்படித் திரும்பத் திரும்பச் சொல்வது ஏதாவது வியாதியின் அறிகுறியா? இரண்டாவது சந்தேகம்தான் உங்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்யும். ஆனால் முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவது புரியும்.

கொஞ்சம் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1960-களில் ஒரு சினிமா பாட்டைக் கேட்க இருந்த வழிகள் ரொம்பக் குறைவு. சிலோன் ரேடியோ, சினிமாக் கொட்டகை, கல்யாண வீட்டு ரிக்கார்டு... அதற்கடுத்தது திருவிழா மேடையில் மெல்லிசைக் கச்சேரி. இங்கிலாந்து, அமெரிக்காவில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ராக் குழு எப்படியோ, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மெல்லிசைக் குழு அப்படி. சிதம்பரத்தில் ஆனித் தேர், மார்கழித் தேர். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் வைகாசி உற்சவம், தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசி மகம். திருவிழா என்றால் சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்தெல்லாம் ஜனம் வந்து குவியும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் விடியும்வரை தெருவில்தான் படுக்கை. ஆனாலும் போனார்கள். டேப் ரிக்கார்டர் இல்லாத வீட்டில், அன்று காதால் கேட்டதுதான். மறுபடி போட்டுக் கேட்க முடியாது. மனசில் பதித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

சிலருடைய நினைவில் பெரிய பெயர்களும் வரும். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங்கோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். அந்த ராசய்யாதான் பிறகு இளையராஜா. அமர்சிங்தான் கங்கை அமரன். சென்னைக்கு வந்த பிறகு எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவிலும் இந்தத் தம்பிகள் வாசித்தார்கள். எஸ்.பி.பி. தமிழ் சினிமாவில் வெளிச்சத்துக்கு வந்தது 1969-ல். இளையராஜாவுக்கு 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். ஆக, அதற்கு முன்பே அவர்களை மேடையில் பார்த்த ரசிகர்கள் தமிழ்நாட்டில் நிச்சயம் இருக்கிறார்கள்.

அவர்களில் யாரையாவது பேச விட்டுப் பாருங்கள். "ஆர்மோனியம் வாசிச்ச அந்தப் பையனைப் பார்த்தப்பவே நினைச்சேன், இவன் பெரிய ஆளா வருவான்னு!" என்பார். உண்மையில் அன்றைக்கு அவர் அப்படி நினைத்தாரா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். 1976-க்குப் பிறகு வந்த புகழ் பின்பக்கமாகப் போய் பழைய நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

நினைவு என்பதை நாம் அலமாரியில் வைத்த போட்டோ ஆல்பம் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது தப்பு. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மூளை அந்தச் சம்பவத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் புதிதாகக் கட்டுகிறது. பாட்டியின் கைப்பக்குவம் போல! குழம்பு அதே குழம்புதான், ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். விட்டுப்போன துண்டுக்குப் பதிலாக, அண்ணன் சொன்னது, பேப்பரில் படித்தது, சினிமாவில் பார்த்தது எல்லாம் உள்ளே வந்துவிடும். 1995-ல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ் என்ற மனவியல் ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். 24 பேரிடம், 'சின்ன வயதில் நீங்கள் கடைத்தெரு வளாகத்தில் தொலைந்துபோனீர்கள்' என்று நடக்காத ஒரு கதையைச் சொன்னார்கள். ஆறு பேர், 'ஆமாம், நினைவிருக்கிறது' என்று முழுதாகவோ பாதியாகவோ நம்பிவிட்டார்கள். ஒரு வார்த்தை பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கும் இது நடக்கும்.

ரசிகர்கள் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. 1976 ஜூன் 4-ம் தேதி இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் ஒரு பங்க் ராக் குழு கச்சேரி செய்தது. (குழுவின் பெயர் குடும்பப் பத்திரிகைக்கு அவ்வளவு பொருத்தமில்லை, விட்டுவிடுவோம்!) கேட்க வந்தவர்கள் நாற்பது பேர் சுமாருக்குத்தான் இருக்கும் என்கிறார்கள். அந்தக் குழு புகழ் பெற்ற பிறகு, 'அன்னிக்கு நானும் அங்கே இருந்தேன்' என்று கிளம்பியவர்களோ ஆயிரக்கணக்கில்! பீட்டில்ஸ் குழு 1966 ஆகஸ்ட் 29-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய கடைசிக் கட்டணக் கச்சேரி அரை மணி நேரம்தான் நடந்தது. அந்தக் குழுவின் கச்சேரிகளில் ரசிகர்கள் போட்ட கூச்சலில் பாட்டு சரியாகக் காதில் விழாது. ஆனாலும் நேரில் பார்த்தவர்கள் வயதான பிறகும் மறக்கவில்லை. ஏனென்றால் அவர்கள் மனசில் வைத்துக்கொண்டது வெறும் பாட்டை இல்லை.

அப்படியானால் எதை? அந்த வயதை!

எந்த நாட்டிலும் வயதானவர்களைக் கூப்பிட்டு வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால், சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் வரும். அது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். முதல் தடவை வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பியது, முதல் தடவை சிநேகிதனோடு ராத்திரி பூரா வெளியில் இருந்தது, முதல் காதல்... எல்லாமே அந்த வயதில்தான். சந்தோஷமோ பயமோ பொங்கும்போது, உணர்ச்சியைக் கவனிக்கும் மூளைப் பகுதி, நினைவைப் பதிக்கும் பகுதியைத் தட்டிவிடுகிறது. 'இதை நல்லா எழுதி வை' என்று சொல்வது மாதிரி. அதோடு பாட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆக, கடலூர் மாமாவும் சிதம்பரம் அப்பாவும் "அது ஆனித் தேர்", "இல்லவே இல்லை, மாசி மகம்" என்று சண்டை போட்டால் நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். தேதி தப்பாக இருக்கலாம். இரண்டு திருவிழா ஒன்றாகக் கலந்திருக்கலாம். கூட இருந்த சிநேகிதன், நனைந்த சட்டை, கால்வலி... அந்த ராத்திரியின் சாரம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

இனி பயத்துக்கு வருவோம்

ஒரே கச்சேரிக் கதையை வாரத்துக்கு ஒரு தடவை சொல்வது மறதி நோய் இல்லை. நாமும்தான் பிடித்த ஜோக்கைத் திரும்பச் சொல்கிறோம்! ஆனால் கதை சொல்லி முடித்து, காபி குடித்து, பத்து நிமிஷத்தில் அதே கதையைப் புதுசு போல மறுபடி ஆரம்பிக்கிறார்... 'இப்பதானே சொன்னீங்க' என்றால் திகைக்கிறார்... அடிக்கடி இப்படி நடந்தால் கவனிக்க வேண்டும்.

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. "அப்பாவுக்கா மறதி? ஐம்பது வருஷத்துக்கு முந்தின கச்சேரியில யார் என்ன வாசிச்சாங்கன்னு சொல்றாரே!" என்பார்கள். அல்சைமர் போன்ற நோய்களில் முதலில் போவது பழசு இல்லை, புதுசு. நேற்று யார் வந்தார்கள், காலையில் மாத்திரை போட்டோமா என்பதுதான் முதலில் நழுவும். பழைய கதை கடைசிவரைகூடத் தாக்குப்பிடிக்கும். அதனால் கச்சேரிக் கதையை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். வழக்கமாகப் போகும் தெருவில் வழி தெரியாமல் நிற்கிறாரா, பால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் சில்லறை எண்ணத் தடுமாறுகிறாரா, எப்போதும் நன்றாகச் சமைக்கும் அம்மா வரிசை மாறிக் குழம்புகிறாரா, சுபாவமே மாறிவிட்டதா? இவைதான் பார்க்க வேண்டியவை. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

சந்தேகம் வந்தால் 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைவு, பி12 விட்டமின் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகள்... இவற்றாலும் மறதி வரும். இவை சரிசெய்யக் கூடியவை. முதலில் உங்கள் குடும்ப டாக்டரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அவரே நரம்பியல் நிபுணரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புவார். போகும்போது, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை உட்பட.

இன்னொன்று, காது! அப்பா பேச்சில் கலந்துகொள்ளாமல் தன் கதையை மட்டும் சொல்கிறார் என்றால், நீங்கள் பேசுவது அவருக்குச் சரியாக விழவில்லையோ என்று பாருங்கள். வயதானால் கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் குறையும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்பார்கள். 2024-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, டிமென்ஷியா வரும் ஆபத்தைக் கூட்டுகிற, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது மந்தம் அதில் முக்கியமான ஒன்று. காது கேட்கும் கருவி வைத்துக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள், கண்ணாடி போட மட்டும் வெட்கப்படுவதில்லை. ஏனோ!

கதை கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது

ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-லேயே, முதியவர்கள் பழசைப் பேசுவது வெறும் புலம்பல் இல்லை, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்க்கும் இயல்பான வேலை என்று எழுதினார். பழசைப் பேசவைப்பதையே இன்று ஒரு சிகிச்சை முறையாகச் செய்கிறார்கள். வீட்டில் நீங்களும் செய்யலாம். "எந்த வருஷம்? யார் பாடினாங்க?" என்று பரீட்சை வைக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் போனால் முகம் சுருங்கிவிடும். "யாரோட போனீங்க? என்ன சாப்பிட்டீங்க? எப்படித் திரும்பி வந்தீங்க? வீட்ல அடி விழுந்துச்சா?" என்று கேளுங்கள். இதற்கெல்லாம் தப்பான பதில் கிடையாது. முடிந்தால் ஒருநாள் சாயந்திரம் அந்தக் கீழ வீதிக்கே அழைத்துப் போங்கள். இடத்தைப் பார்த்ததும், நீங்கள் இதுவரை கேட்காத துண்டு ஒன்று வெளியே வரும்.

பாட்டியை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் பெண்பிள்ளைகளை ராத்திரிக் கச்சேரிக்கு அனுப்பமாட்டார்கள். அவர்கள் மொட்டை மாடியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, குழாய் ஸ்பீக்கர் வழியாகக் காற்றில் வந்ததைக் கேட்டவர்கள். மேடையைப் பார்க்காத ரசிகைகள்! "நீ எங்கிருந்து கேட்டே பாட்டி?" என்று யாராவது இதுவரை கேட்டிருப்பார்களா என்பதே சந்தேகம்.

டிமென்ஷியா வந்துவிட்டவர்களுக்கும் பாட்டு உதவும். ஆனால் அளவோடு நம்புங்கள். பாட்டு போனால் நினைவு திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆய்வுகளை ஒன்று திரட்டிப் பார்த்ததில் தெரிவது, இசை அவர்களுடைய மனச்சோர்வைக் கொஞ்சம் குறைக்கக்கூடும் என்பதுதான். அதுவே பெரிய விஷயம் இல்லையா? உங்களுக்குப் பிடித்த பாட்டைப் போடாதீர்கள். அவர் பதினைந்து, இருபது வயதில் கேட்ட பாட்டைப் போடுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டு, இருபது நிமிஷம், பக்கத்தில் உட்கார்ந்து. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கண்ணில் நீர் வந்தால் உடனே பதறி நிறுத்த வேண்டாம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தவிப்பு கூடினாலோ எழுந்து அலைய ஆரம்பித்தாலோ நிறுத்திவிடுங்கள். ஒரு பாட்டு கல்யாண நாளையும் கொண்டுவரும், சாவு வீட்டையும் கொண்டுவரும். எது எதைக் கொண்டுவருகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கு, மருந்துச் சீட்டு அளவுக்கு அந்த நோட்டும் உபயோகப்படும்.