வேலையில் இடைவெளி விழுந்த பெண்ணும் விண்ணப்பம் பார்க்கும் மென்பொருளும்

காலை எட்டு மணிக்குச் சென்னையை ஒட்டிய கேளம்பாக்கம் சந்திப்பில் நின்றால், கம்பெனி பஸ்களும் வேன்களும் வரிசையாகச் சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்கா பக்கம் போவதைப் பார்க்கலாம். அதே ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம்) ரோட்டை ஒட்டிய அடுக்குமாடிகளில், அதே பொறியியல் பட்டம் வாங்கி, அதே சிப்காட்டில் சில வருடம் வேலையும் பார்த்து, குழந்தை பிறந்தபின் வீட்டோடு நின்றுவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளை எல்.கே.ஜி. சேர்ந்ததும் மறுபடி வேலை தேடத் தொடங்குகிறார்கள். விண்ணப்பம் போட்ட சில நிமிஷத்துக்குள், சில சமயம் நடு ராத்திரியில், 'உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை' என்று மெயில் வந்து விழுகிறது. அந்த நேரத்தில் எந்த மேனேஜரும் உட்கார்ந்து படித்திருக்க மாட்டார். படித்தது மென்பொருள். அது என்ன பார்க்கிறது, யார் சொல்லி அப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது விண்ணப்பிக்கிறவருக்கும் நல்லது, ஆள் எடுக்கிறவருக்கும் நல்லது.

மென்பொருள் இப்படிப் பரவுவதற்கு முன்பே இந்த இடைவெளிப் பிரச்சினையைக் கையில் எடுத்தவர் சென்னையைச் சேர்ந்த சௌந்தர்யா ராஜேஷ். எம்.பி.ஏ. முடித்துச் சிட்டி பேங்கில் சேர்ந்தவர், தாய்மையை ஒட்டி அந்த வேலையை விட்டார். கல்லூரியில் பாடம் எடுத்தார். 2000 டிசம்பரில் 'அவதார்' நிறுவனத்தைத் தொடங்கினார். ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகள் அன்றும் ஊரில் நிறைய இருந்தன. ஆனால் வேலையை விட்டு நின்ற பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு தொழிலாகவே இல்லை. 2005ல் அவர் தொடங்கிய 'அவதார் ஐ-வின்' அதற்கென்றே உருவானது. மூன்று வருடம் கழித்து, 2008ல், டாடா குழுமம் இடைவெளி விட்ட பெண்களுக்காகத் தனிப் பயிற்சித் திட்டம் கொண்டுவந்தது. பிறகு மற்ற பெரிய கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன.

அவர் செய்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது 2016ல் தொடங்கிய பட்டியல்தான். பெண்கள் வேலை பார்க்க இந்தியாவில் எந்த நிறுவனங்கள் நல்லவை என்று, அமெரிக்காவின் 'ஒர்க்கிங் மதர்' பத்திரிகையோடு சேர்ந்து அவதார் ஆண்டுதோறும் வரிசைப்படுத்தத் தொடங்கியது. 'எங்கள் கம்பெனியில் எல்லோரும் சமம்' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எத்தனை பெண்களை எடுத்தீர்கள், எத்தனை பேர் மேலே வந்தார்கள், பிரசவ விடுப்பில் போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எண்ணிக்கை கேட்டால், சொன்னவருக்கே தன் கம்பெனியின் நிலவரம் தெரிந்துவிடும். பின்னால் ஊர்களையும் இப்படி அளக்கத் தொடங்கினார்கள். 2022ஆம் ஆண்டுக்கான முதல் பட்டியலில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் சென்னை முதலிடம் பிடித்தது. அரசுப் பள்ளி மாணவிகளைச் சிறுவயதிலேயே வேலை வாழ்க்கைக்குத் தயார் செய்யும் 'புத்ரி' திட்டமும் 2016ல் பிறந்ததுதான். இடைவெளி வந்தபின் சரிசெய்வதைவிட, வேலையை விடாமல் காக்கும் எண்ணத்தை முன்பே ஊட்டலாம் என்பது அதன் நோக்கம்.

இனி மென்பொருளுக்கு வருவோம். நீங்கள் ஏற்றும் ரெஸ்யூமேயை அது முதலில் துண்டு துண்டாகப் பிரிக்கும். பெயர் ஒரு கட்டத்துக்கு, படிப்பு ஒரு கட்டத்துக்கு, வேலை பார்த்த தேதிகள் இன்னொரு கட்டத்துக்குப் போகும். இரண்டாவதாக, கம்பெனி வைத்த நிபந்தனைகளோடு ஒப்பிட்டு, பொருந்தாததை ஒதுக்கும். மூன்றாவதாக, மிஞ்சியதற்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும். எச்.ஆர். கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த வரிசையின் தலைப்பக்கம் மட்டும்தான்.

ஆறு மாதத்துக்கு மேல் வேலை இடைவெளி இருந்தால் தள்ளிவிடு என்ற நிபந்தனை இந்த இரண்டாம் படியில்தான் உட்கார்ந்திருக்கும். 2021ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் நடத்திய ஆய்வில், ஏறக்குறைய பாதி நிறுவனங்கள் இப்படி வைத்திருந்தது தெரியவந்தது. யாரோ ஒருவர், என்றோ ஒருநாள், குவியும் விண்ணப்பங்களைக் குறைப்பதற்காக ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பார். அவர் வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம். அந்த டிக் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிரசவத்துக்காக நின்றவர், மாமியாரைப் பார்த்துக்கொள்ள நின்றவர், புற்றுநோய் சிகிச்சைக்குப் போய்வந்தவர் எல்லோரும் அங்கேயே உதிர்ந்துவிடுவார்கள். நேர்முகத்தில் ஒரு மனிதர் 'ஏம்மா மூணு வருஷம் கேப்?' என்று கேட்டால் பதிலாவது சொல்லலாம். மென்பொருள் கேள்வியே கேட்பதில்லை.

மதிப்பெண் போடும் மூன்றாம் படி இன்னும் சிக்கலானது. அங்கே பல சமயம் விதியை யாரும் எழுதுவதில்லை. பழைய விவரங்களைப் பார்த்து இயந்திரமே கற்றுக்கொள்கிறது. அமேசான் 2014ல் இப்படி ஒன்றைச் செய்ய முயன்றது. பத்து வருடமாக வந்து குவிந்த ரெஸ்யூமேக்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பகுதி ஆண்களுடையது. ஆகவே ஆண்களே மேல் என்று அது எடுத்துக்கொண்டது. பெண்கள் செஸ் கிளப்பின் தலைவி என்று எழுதியிருந்தால் மதிப்பெண் குறைத்தது. பெண்களுக்கென்றே இருக்கும் இரண்டு கல்லூரிகளில் படித்தவர்களையும் கீழே தள்ளியது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை வராமல் அந்த முயற்சியையே கைவிட்டார்கள். 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் அதை வெளியே கொண்டுவந்தது. ராணி மேரிக் கல்லூரியும் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் நூறு வருடத்துக்கு மேலாகப் பட்டதாரிகளை அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் கல்லூரிப் பெயரே ஒரு குறையாக எண்ணப்படும் என்று அங்கே சேர்த்துவிட்ட எந்த அப்பாவும் நினைத்திருக்க மாட்டார்.

நம் ஊருக்கென்றே இருக்கும் இன்னொரு தொல்லை பெயர். பட்டச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ கணவர் பெயர் சேர்ந்திருக்கும். விண்ணப்பப் படிவம் 'குடும்பப் பெயர்' கேட்கும். அப்படி ஒன்று பெரும்பாலான தமிழர்களுக்குக் கிடையாது. ஆவணங்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடும் மென்பொருளுக்கு ஒரே பெண் இரண்டு ஆளாகத் தெரிவார். ஆண்களுக்கு இந்தச் சிக்கல் பாதிதான். அவர்கள் இனிஷியல் கல்யாணத்தால் மாறுவதில்லை.

முகம் பார்க்கும் மென்பொருளிலும் இதே கதை. கணினி ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெள்ளை நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம்தான் தவறின. கறுப்பு நிறப் பெண்களிடம் தவறு 34.7 சதவீதம் வரை போனது. முகம் பார்க்கும் கேமராக்கள் இன்று ஆபீஸ் வாசலிலும் ஆன்லைன் தேர்விலும் இருக்கின்றன.

இந்தப் பாரபட்சத்தைத் தடுக்க விதி உண்டா? தமிழ்நாடு அரசு 2020ல் பாதுகாப்பான, நெறிமுறையான செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மாநிலங்கள் பலவும் இதை யோசித்தே பார்க்காத காலம் அது. 'டீப்-மேக்ஸ்' என்ற மதிப்பெண் அட்டை அதில் இருக்கிறது. ஒரு மென்பொருளை மக்களிடம் விடுவதற்கு முன், பலதரப்பட்டவர்களின் விவரங்களைக் கொண்டு அது பழகியதா, பாரபட்சம் காட்டுகிறதா, தனியுரிமையைக் காக்கிறதா, தணிக்கைக்கு இடம் கொடுக்கிறதா என்றெல்லாம் பார்த்து மதிப்பிடச் சொல்கிறது. நல்ல கொள்கைதான். ஆனால் அது அரசுத் துறைகளின் பயன்பாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சிப்காட்டில் இருக்கும் தனியார் கம்பெனியின் ஆள் எடுக்கும் மென்பொருளை அது கட்டுப்படுத்தாது. நியூயார்க் நகரம் 2023 ஜூலை முதல் தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. ஆள் எடுக்க இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தினால் ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கை நடத்தி, முடிவைப் பொதுவில் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டமும் ஆள் எடுக்கும் மென்பொருளை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய வாடிக்கையாளருக்காக ஓ.எம்.ஆரில் எழுதும் ஆள் எடுக்கும் மென்பொருளுக்கு அந்தச் சட்டம் உண்டு; ஓ.எம்.ஆர். பெண்ணையே எடை போடும் மென்பொருளுக்கு இல்லை. இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. இடைவெளியை மறைக்க வேண்டாம். தேதி போட்டு, 'குழந்தை வளர்ப்புக்கான இடைவெளி' என்று அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். அந்தக் காலத்தில் முடித்த கோர்ஸ், செய்த சிறு வேலை எதுவாக இருந்தாலும் அதன் கீழே வரட்டும். கட்டம், படம், இரண்டு பத்தி அலங்காரம் எல்லாம் மென்பொருளைக் குழப்பும், தவிர்த்துவிடுங்கள். விளம்பரத்தில் எந்தச் சொல்லில் திறமையைக் கேட்கிறார்களோ, அது உங்களிடம் உண்மையாகவே இருந்தால், அதே சொல்லைப் போடுங்கள். பெயரைச் சான்றிதழில் உள்ளபடி எழுதி, மாறியிருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். தெரிந்தவர் யாராவது அந்தக் கம்பெனியில் இருந்தால் அவர் மூலம் அனுப்புங்கள். அப்போது மனிதக் கண் ஒன்று அதில் பட வாய்ப்பு அதிகம்.

ஆஃபர் வந்தபின் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பார்த்து வரலாம். 10 பேர் வேலை செய்தாலே பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு கட்டாயம். இரவு வண்டி வீட்டு வாசல் வரை வருமா என்பதையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் இரவு வேலை முடித்துக் கிளம்பிய இளம் பொறியாளர் ஒருவர் கொலை செய்யப்பட்டதை இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மறக்கவில்லை.

நிராகரித்து மெயில் வந்தால், அதற்கே பதில் எழுதி, என் விண்ணப்பத்தை ஒரு மனிதர் படித்தாரா, எந்த நிபந்தனையில் விலக்கப்பட்டேன் என்று கேளுங்கள். பல இடங்களில் பதில் வராது. எச்.ஆரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு: உங்கள் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அந்த ஆறு மாதக் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.