முழங்காலுக்கு இருபது நிமிஷம்

கால்பந்து மைதானத்தில் முழங்கால் ஜவ்வு அறுந்து ஒருவர் சாயும்போது, எதிர்க்கட்சியார் எவரோ இடித்துவிட்டார் என்றே பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் இவ்வித விபத்துக்களில் பெரும்பாலானவை, பிறருடைய ஸ்பரிசமே இல்லாமல், துள்ளித் தரையிறங்கும்போதோ ஓட்டத்தினிடையே சட்டென்று திரும்பும்போதோ முழங்கால் உட்புறமாக மடங்கிவிடும் அந்த க்ஷணத்தில் நேர்பவை. உடம்பின் பழக்கத்தால் வருவதாதலின், பழக்கத்தைத் திருத்தி இதைப் பெருமளவு தடுக்கவும் கூடும்.

நார்வே தேசத்தில் 2007-ஆம் வருஷம், 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்கள் ஆடும் 125 கால்பந்துக் கழகங்கள் ஓர் ஆராய்ச்சிக்கு இசைந்தன. குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பிரிவுக்கு மட்டும் ‘11 பிளஸ்’ என்னும் பயிற்சிமுறை கற்பிக்கப்பட்டது. மெதுவோட்டம், முழங்கையூன்றி உடலைத் தாங்குதல், ஒற்றைக்காலில் நிற்றல், முழங்கால் பாதத்துக்கு நேராக அமையும்படி குதித்திறங்குதல் என்று இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும் அதற்கு, பந்தைத் தவிர வேறு சாதனம் வேண்டியதில்லை. பருவத்தின் முடிவில், அப்பிரிவில் காயங்கள் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கும், கடுமையானவை பாதியளவும் குறைந்திருந்தன. அவர்களுள்ளும் தவறாது செய்துவந்தவர்களே மற்றவர்களைவிட அதிகப் பலன் பெற்றனர். வைத்தியர் காலடி வைக்காத சின்னஞ்சிறு கழகத்திலும் பயிற்சியாளர் ஒருவர் மனம் வைத்தால் இது நடக்கும் என்பதே எனக்குப் பெரிய விசேஷமாகத் தோன்றுகிறது.

காயம்பட்டவர் திரும்பி வரும் கட்டத்திலோ அவசரம் மிகப் பொல்லாதது. சஸ்திர சிகிச்சையால் பொருத்திய புதிய ஜவ்வு, வலியும் வீக்கமும் மறைந்த பின்னும், ரத்த ஓட்டம் பெற்று உறுதியாவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். ஆகவே வலியில்லாமையை ஆரோக்கியமென்று கொள்வது அபாயம். 2016-இல் வெளியான ஆஸ்லோ நகரத்து ஆராய்ச்சியொன்றில், ஒன்பது மாதம் வரையில், ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மீண்டும் காயமுறுவது பாதியளவு குறைந்திருந்தது. தொடையின் முன்தசை மற்றக் காலின் பலத்தை ஏறக்குறைய எட்டியிருந்தவர்களுக்கும் ஆபத்துக் குறைவாகவே இருந்தது.

ஆதலால் நாள்கணக்கு ஒன்றை மட்டும் நம்பாமல், இரு கால்களின் பலத்தையும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அளந்து பார்ப்பது அவசியம். அத்துடன், ஒற்றைக்காலால் தாவும் தூரத்தை மைதானத்திலேயே அளவுநாடா கொண்டு இருபுறமும் அளந்து, காயப்பட்ட கால் மற்றதன் 90 சதவிகிதத்தையேனும் எட்டும் வரையில், எவ்வளவு முக்கியமான போட்டியாயினும் ஆட்டக்காரரை வெளியிலேயே இருத்திவைக்கும் அதிகாரத்தைக் கழகம் பயிற்சியாளருக்கு அளிக்க வேண்டும்.