குல்மார்க்கில் கயிற்றுக்கு அந்தப் பக்கம்: புதுப்பனிக்கு அடியில என்ன இருக்கு?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

2024 ஜனவரி மாசம் செய்திகள்ல ஒரு படம் திரும்பத் திரும்ப வந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். காஷ்மீர்ல இருக்கிற குல்மார்க், வெள்ளை வெளேர்னு இருக்க வேண்டிய நேரத்துல, காய்ஞ்ச பழுப்புப் புல்வெளியா கிடந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளையே தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் பனி வந்தது. கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. போட்டிகள் பிப்ரவரி 21-ம் தேதி தொடங்கின. மறுநாள், 22-ம் தேதி, மேலே அபர்வத் மலைப்பகுதியில் பனிச்சரிவு. பனிச்சறுக்குக்குப் போயிருந்த ஒரு ரஷ்யர் உயிரிழந்தார். கூடப் போனவர்கள் மீட்கப்பட்டார்கள்.

"பனியே இல்லை"ங்கிறது ஒரு செய்தி. "பனி ஆளைக் கொன்னுடுச்சு"ங்கிறது இன்னொரு செய்தி. நாம இதைத் தனித்தனியாத்தான் படிக்கிறோம். ஆனா பனியைப் படிக்கிறவங்ககிட்ட கேட்டா, வறண்ட குளிர்காலத்துக்குப் பின்னாடி வர்ற பெரும்பனியைத்தான் அவங்க ரொம்ப பயத்தோட பார்ப்பாங்க. ஏன் அப்படி? இன்னைக்கு நாம பேசப்போறது அதைத்தான்.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கலாம்

குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர். நம்ம ஊட்டி தொட்டபெட்டா உச்சியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அதாவது, தொட்டபெட்டா உச்சி உயரத்துல ஒரு புல்வெளி, அதுக்கு மேல இன்னும் ஒரு பெரிய மலை. அதுதான் அபர்வத்.

அந்த மலைக்குப் போக கோண்டோலா என்கிற கேபிள் கார் ரெண்டு கட்டமா இருக்கு. முதல் கட்டம் கோங்டூரி வரைக்கும், சுமார் 3,100 மீட்டர். இது 1998-ல் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2005-ல் வந்தது. அது கொண்டுபோய் விடுற இடம் 4,000 மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு மனுஷன் மூச்சு வாங்க நாள் முழுக்க ஏற வேண்டிய உயரத்தை, கண்ணாடிப் பெட்டிக்குள்ள உட்கார்ந்தபடியே கடந்துடலாம்.

இங்கேதான் பிஸ்ட், ஆஃப்-பிஸ்ட் என்கிற ரெண்டு வார்த்தை வருது. பிஸ்ட் பிரெஞ்சு சொல், தடம்னு அர்த்தம். இயந்திரம் ஓட்டி பனியை அமுக்கி, எல்லை குறிச்சு, காவல் போட்டு வச்சிருக்கிற சறுக்குப் பாதை. அதுக்கு வெளியில இருக்கிற எல்லாமே ஆஃப்-பிஸ்ட்: யாரும் தொடாத பனி, மரங்கள், பாறை, ஓடை. ஐரோப்பாவின் பெரிய சறுக்கு மையங்கள்ல பெரும்பாலானவங்க பிஸ்ட்லதான் சறுக்குவாங்க. குல்மார்க் அப்படி இல்லை. கீழே புல்வெளியில கத்துக்குட்டிகளுக்கான சரிவுகள் இருக்கு. ஆனா உலகம் பூரா இருந்து ஆட்கள் தேடி வர்றது மேலே இருக்கிற ஆஃப்-பிஸ்டுக்குத்தான்.

மேலேயும் ஒரு வித்தியாசம் இருக்கு. கோண்டோலாவுக்கு நேர் கீழே இருக்கிற கிண்ணம் மாதிரியான பகுதியை ஸ்கீ பேட்ரோல் குழு கவனிச்சுக்குது. பனி அதிகமா விழுந்தா, வெடி வச்சு முன்கூட்டியே சரியவிட்டு, அப்புறம்தான் திறப்பாங்க. அந்த எல்லைக் கயிற்றைத் தாண்டிட்டா அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. "டிக்கெட் வாங்கித்தானே வந்தோம், அரசாங்க கேபிள் கார்தானே, பாதுகாப்பா இல்லாமலா இருக்கும்?"னு மனசு சொல்லும். டிக்கெட் உங்களை மேலே கொண்டுபோய் விடுறதுக்கு மட்டும்தான்.

மெல்லிய பனி ஏன் மோசமான பனி?

பனி தரையில விழுந்ததோட அதன் கதை முடியறதில்லை. விழுந்த பிறகும் ஒவ்வொரு துகளும் மாறிக்கிட்டே இருக்கும். எப்படி மாறும்ங்கிறதை வெப்பநிலை வித்தியாசம்தான் தீர்மானிக்குது.

பனிக்கு அடியில இருக்கிற மண் எப்பவும் ஏறத்தாழ 0 டிகிரியிலேயே இருக்கும். பனி ஒரு கம்பளி மாதிரி அதை மூடி வச்சிருக்கு. மேல்பரப்பு மட்டும், மேகம் இல்லாத ராத்திரியில மைனஸ் 15 வரைக்கும் போகும். இப்போ ஒரு சின்னக் கணக்கு போடலாம். பனி 2 மீட்டர் ஆழம் இருந்தா, இந்த 15 டிகிரி வித்தியாசம் 200 சென்டிமீட்டர்ல பரவுது. 10 சென்டிமீட்டருக்கு முக்கால் டிகிரிதான் வரும். பனி வெறும் 30 சென்டிமீட்டர் இருந்தா? அதே 15 டிகிரி 30 சென்டிமீட்டருக்குள்ள அடங்கணும். 10 சென்டிமீட்டருக்கு 5 டிகிரி.

பனியியல்ல ஒரு தோராயமான எல்லைக்கோடு உண்டு: 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி. அதுக்குக் கீழே இருந்தா, துகள்கள் உருண்டையாகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பனி உறுதியாகும். அதைத் தாண்டினா, அடியிலிருந்து நீராவி மேலே ஏறி, துகள்கள் பெரிய பட்டைப் படிகங்களா வளரும். அதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. கையில எடுத்தா அஸ்கா சர்க்கரை மாதிரி விரல் இடுக்குல வழிஞ்சு ஓடும். அதனால இதைச் சர்க்கரைப் பனின்னே சொல்றாங்க.

நம்ம சமையலறையை வச்சே யோசிங்க. கொழுக்கட்டை மாவைப் பிடிச்சா உருண்டை நிக்கும். வறுத்த ரவையைப் பிடிச்சா நிக்குமா? உறுதியான பனி அந்த மாவு மாதிரி. சர்க்கரைப் பனி அந்த ரவை.

காஷ்மீர்ல டிசம்பர் 21 முதல் 40 நாளைக்கு சில்லாய் கலான்னு ஒரு காலம் உண்டு. வருஷத்திலேயே கடுங்குளிர் அடிக்கிற நாட்கள். மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வர்ற மேற்கத்திய காற்றுச் சுழற்சிகள்தான் அங்கே பனியைக் கொண்டு வருது. அது வராம போனா வானம் தெளிவாவே இருக்கும், ராத்திரிக் குளிர் இறங்கிக்கிட்டே போகும். நவம்பர், டிசம்பர்ல விழுந்த கொஞ்சநஞ்சப் பனி, வெயில் படாத உயரமான சரிவுகள்ல அப்படியே கிடந்து, வாரக்கணக்கா ரவையா மாறும். கீழே புல்வெளி காய்ஞ்சிருக்கேன்னு எல்லாரும் வருத்தப்படுற அதே நாட்கள்ல, மேலே யார் கண்ணுக்கும் படாம நடக்கிற வேலை இது.

பலகை உடையும்போது

இப்போ பெரும்பனி வருது. நாலஞ்சு நாள் விடாம கொட்டுது. காற்று அதை அமுக்கி ஒரே பலகையா இறுக்குது. இந்தப் பலகை எது மேல உட்கார்ந்திருக்கு? அந்த ரவை மேல.

மேலேயிருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. வெல்வெட் மாதிரி அழகான வெள்ளைச் சரிவு. ஒரு ஆள் சறுக்கிக்கிட்டு வர்றார். அவர் எடை கீழே இருக்கிற ரவை அடுக்கை ஒரு இடத்துல நொறுக்குது. அந்த முறிவு கண் இமைக்கிற நேரத்துல சரிவு முழுக்கப் பரவிடும். பலகை மொத்தமா கழன்டு இறங்கும். பல நேரம், ஆள் பலகையின் நட்டநடுவுலதான் இருப்பார்.

எவ்வளவு எடை இறங்கும்? 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமன்னு வச்சுக்குங்க. ஒரு கன மீட்டருக்கு 200 கிலோன்னு எடுத்தாக்கூட மொத்தம் 250 டன். இதைச் சின்னச் சரிவுன்னுதான் சொல்லணும். ஓடி நின்னதும் அந்தப் பனி சிமென்ட் மாதிரி இறுகிடும். உள்ளே இருக்கிறவர் விரலைக்கூட அசைக்க முடியாது.

ஒரு முக்கியமான விஷயம்: பனிச்சரிவுல சிக்குற சறுக்குக்காரர்கள்ல பெரும்பாலானவங்க விஷயத்துல, அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவங்களோ அவங்க குழுவுல ஒருத்தரோதான். மலை தானா வந்து மேல விழுறது குறைவு. பயமுறுத்துற சேதி மாதிரி இருந்தாலும் இதுல ஒரு ஆறுதல் இருக்கு. எந்தச் சரிவுல இறங்கறதுங்கிற முடிவு நம்ம கையிலதான் இருக்கு.

நிலத்தைப் படிக்கிறது

முதல்ல கோணம். பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள இடங்கள்லதான் கிளம்புது. பல வீட்டு மாடிப்படியின் சாய்வு 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைவிடச் செங்குத்துன்னா எச்சரிக்கையாகணும். சிக்கல் என்னன்னா, நல்லா சறுக்கத் தெரிஞ்சவங்களுக்குப் பிடிச்சதும் அதே கோணம்தான். நீங்க நிக்கிற இடம் 25 டிகிரியா இருந்தாலும், தலைக்கு மேல 38 டிகிரி சரிவு இருந்தா நீங்க அதோட பாதையில நிக்கிறீங்க.

ரெண்டாவது, காற்று. குல்மார்க்கைப் பார்த்திருக்கிற அபர்வத் சரிவுகள் பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருக்கு. மேற்கிலிருந்து காற்று அடிச்சா, முகட்டுக்கு அந்தப் பக்கத்துப் பனியை வாரி இந்தப் பக்கம் கொட்டும். வானத்திலிருந்து ஒரு அடி விழுந்திருந்தா, முகட்டுக்குக் கீழே மூணு அடி சேர்ந்திருக்கலாம்.

மூணாவது, வெயில். குல்மார்க் 34-வது அட்சரேகையை ஒட்டி இருக்கு, ஆல்ப்ஸ் மலை சுமார் 46-ல. அதனால பிப்ரவரி கடைசியிலேயே இங்கே வெயில் உறைக்கும். தெற்கு பார்த்த சரிவு மதியம் இளகி, ராத்திரி ஓடு மாதிரி இறுகும். பக்கத்திலேயே இருக்கிற வடக்கு பார்த்த சரிவுல ரவை அப்படியே பத்திரமா இருக்கும். ஒரே மலைதான், ஓடையின் இந்தக் கரையும் அந்தக் கரையும் வேற வேற.

நாலாவது, ஓடை. 2023 பிப்ரவரி 1-ம் தேதி 2 போலந்து நாட்டவர் இறந்த பனிச்சரிவு நடந்த பகுதிக்கு ஹாபத்கட்னு பேர். காஷ்மீரியில ஹாபத்னா கரடி, கட்னா பள்ளம். இந்த மாதிரி குறுகின பள்ளங்கள்ல, பரந்த சரிவுல முழங்கால் அளவுக்குப் பரவியிருக்கக்கூடிய பனி ஆள் உயரத்துக்கு மேல குவிஞ்சிடும்.

"ரெண்டு நாள் பொறுத்தா போதும்"

மலைக்குப் போறவங்க மத்தியில ஒரு பொதுவான கணக்கு உண்டு. பெரும்பனி நின்னதும் 24 முதல் 48 மணி நேரம் பொறுத்தா புதுப்பனி உட்கார்ந்துடும்னு. புதுப்பனியைப் பொறுத்தவரை இதுல உண்மை இருக்கு. ஆனா அடியில சர்க்கரைப் பனி இருந்தா இந்தக் கணக்கு உதவாது. ரவை மாவாக வாரக்கணக்கு ஆகும். நாலாவது நாள், அஞ்சாவது ஆள் சறுக்கும்போதுகூட உடையலாம். அதனாலதான் "ஏற்கனவே தடம் கிடக்கே, நாலு பேர் போயிருக்காங்களே"ங்கிறது ஆதாரமே ஆகாது. அந்த நாலு பேரும் பலகை தடிமனா இருந்த இடத்துல போயிருக்கலாம். நீங்க மெலிஞ்ச இடத்துல மிதிக்கலாம்.

பயிற்சியும் முழுக் கவசம் இல்லை. 2010 பிப்ரவரி 8-ம் தேதி குல்மார்க் பக்கத்துல கிலன்மார்க்ல பனிச்சரிவுல இறந்த 17 பேரும் ராணுவ வீரர்கள், உயர்மலைப் போர்ப் பள்ளியோட பயிற்சியில இருந்தவங்க.

மலை என்ன சொல்லுது, நாம என்ன செய்யலாம்?

சில அறிகுறிகள் வெளிப்படையாவே தெரியும். பக்கத்துச் சரிவுல புதுசா பனி சரிஞ்சிருக்கா? காலை வச்சதும் "வும்ப்"னு ஒரு அமுங்குற சத்தம் கேட்குதா? நிக்கிற இடத்திலிருந்து விரிசல் ஓடுதா? இதுல ஒண்ணு நடந்தாலும் செங்குத்தான சரிவைத் தொடவே கூடாது.

ஆஃப்-பிஸ்ட் போறவங்ககிட்ட மூணு பொருள் கட்டாயம் இருக்கணும். 457 கிலோஹெர்ட்ஸ்ல சமிக்ஞை அனுப்புற பீக்கன், பனிக்குள்ள குத்திப் பார்க்கிற நீளக் குச்சி, மண்வெட்டி. ஏன்னா முதல் 10 நிமிஷத்துல வெளியே எடுக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க பிழைக்கிறாங்க. அரை மணி நேரம் தாண்டினா அந்த வாய்ப்பு சரசரன்னு இறங்கிடுது. கீழேயிருந்து மீட்புக் குழு வந்து சேர்றதுக்குள்ள அந்த நேரம் முடிஞ்சிடலாம். அதனால பக்கத்துல இருக்கிற நண்பர்தான் மீட்புக் குழு. அவருக்கும் இதைப் பயன்படுத்தத் தெரிஞ்சிருக்கணும். ஒரு நேரத்துல ஒரே ஆள் சறுக்கணும், மத்தவங்க பத்திரமான இடத்துல நின்னு அவர் மேலேயே கண் வச்சிருக்கணும்.

சறுக்கவே போகாம, படம் எடுக்க கோண்டோலாவுல ஏறுறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கயிறு கட்டின இடத்தைத் தாண்டி "சும்மா நாலடி" நடக்காதீங்க. பேட்ரோல் இரண்டாம் கட்டத்தை மூடி வச்சா, வானம் பளிச்சுன்னு இருக்கேன்னு அவங்களோட வாதாடாதீங்க. அவங்க பார்க்கிறது இன்னைய வானத்தை மட்டும் இல்லை, நவம்பர்ல விழுந்த பனியையும் சேர்த்து.

அடுத்த தடவை "குல்மார்க்கில் பனி இல்லை, சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்"னு செய்தி வந்தா, அந்தத் தேதியைக் குறிச்சு வச்சுக்குங்க. "கடும் பனிப்பொழிவு, பயணிகள் உற்சாகம்"னு வர்ற நாள்ல அது தேவைப்படும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.