பீஃப் பார்பெக்யூ: மசாலாவில் சர்க்கரை போடலாமா?

செமஸ்டர் முடிஞ்சதும் "மொட்டை மாடியில பார்பெக்யூ போடலாம்டா"ன்னு யாராவது ஒருத்தர் கிளப்பிவிடுவாங்க. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஞாயித்துக்கிழமை காலையிலேயே ஆவடி மார்க்கெட் பக்கம் போய் ரெண்டு கிலோ பீஃப் வாங்கியாச்சு. யூட்யூப்பைத் திறந்தா, அமெரிக்கக்காரர் ஒருத்தர் கறி மேல பழுப்புச் சர்க்கரையை அள்ளி அள்ளித் தேய்க்கிறார். நீங்களும் அப்படியே செஞ்சா, வெளியே கரி, உள்ளே பச்சை. போட்ட காசு போச்சு.

தப்பு சர்க்கரை மேல இல்ல, சூட்டு மேல. அவர் வெச்சிருக்கிறது மூடி போட்ட அடுப்பு. நெருப்பு ஒரு பக்கம், கறி இன்னொரு பக்கம். உள்ளே 107 முதல் 135 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும், பத்து மணி நேரத்துக்கு மேல வேகும். நம்ம சாதாரணச் சர்க்கரை கேரமல் ஆகணும்னா சுமார் 160 டிகிரி வேணும். அதனால அவரோட அடுப்புல அது கருகாம மெதுவா நிறம் மாறுது.

நம்ம மாடியில நடக்கிறதே வேற. இஸ்திரிக் கடையில வாங்கின கரி (பெரும்பாலும் சீமைக்கருவேலம்), மேல ஒரு கம்பி வலை, அதுக்கு மேல கறி. கனன்ற கரியோட சூடு 600 டிகிரியைத் தாண்டும். கறியில ஈரம் இருக்கிற வரைக்கும் மேல்பரப்பு 100 டிகிரிக்குப் பக்கத்துலயே நிக்கும். ஈரம் காய்ஞ்ச அடுத்த நிமிஷம் 200-ஐத் தாண்டி எகிறும். அங்கே சர்க்கரை இருந்தா கேரமலைக் கடந்து நேரா கசப்புக்குப் போயிடும். டேங்க் செய்யிற ஊர்ல இருக்கோம், ஹீட் ட்ரீட்மென்ட் பாடத்துல படிச்சது இங்கேயாவது உதவட்டும்.

"சர்க்கரை போடலைன்னா நிறம் வருமா?" வரும். கறி சிவக்கிறதுக்குக் காரணம் மெய்யார் வினை. பிரெஞ்சு வேதியியலாளர் மெய்யார் 1912-ல் விவரிச்சது. அமினோ அமிலமும் குளுக்கோஸ் மாதிரியான சர்க்கரையும் சூட்டுல சேர்ந்து வாசனையையும் நிறத்தையும் தரும். அந்த ரெண்டும் கறியிலயே கொஞ்சம் இருக்கு. டெக்சாஸ் நடுப்பகுதியில பேர்போன பிரிஸ்கெட்டுக்கு உப்பும் மிளகும் மட்டும்தான் தேய்ப்பாங்க. இனிப்பு மசாலா கன்சாஸ் சிட்டிக்காரங்க பழக்கம். இன்னொண்ணு, தேனும் நாட்டுச்சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரையை விட சீக்கிரம் கருகும். தேன்ல குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் தனியா பிரிஞ்சே இருக்கும், நாட்டுச்சர்க்கரையில கொஞ்சம் மட்டும் அப்படி இருக்கும்.

அதுக்காக இனிப்பே வேணாம்னு நான் சொல்லல. வத்தக்குழம்புல துளி வெல்லம் போடுற ஊர் நம்மது, காரத்தை அது எப்படித் தணிக்கும்னு தெரியும். எப்போ போடுறோம்கிறதுதான் விஷயம்.

இங்கே கிடைக்கிறது பெரும்பாலும் முத்தின கறி. அதுல இருக்கிற கொலாஜன் இளகி ஜெலட்டின் ஆக நேரம் எடுக்கும், நேரா நெருப்புல காட்டினா ரப்பர்தான். பீஃப் சுக்கா போடுறவங்க முதல்ல கறியை வேகவெச்சுக்கிறதும் அதனாலதான். நீங்களும் குக்கர்ல முக்கால் பதம் வேகவெச்சு எடுங்க. அந்தத் தண்ணியைக் கொட்டிடாதீங்க, ரசத்துக்கு ஆகும். கறியை நல்லா துடைச்சுக் காயவிட்டு, கிலோவுக்கு ரெண்டு டீஸ்பூன் உப்பு, மூணு டீஸ்பூன் கொரகொரப்பா இடிச்ச மிளகு, கொஞ்சம் சீரகம் தேய்ங்க. மிளகாய்த்தூளும் பூண்டும்கூட சீக்கிரம் கருகும், அதனால கம்மியா. கரி மேல சாம்பல் பூத்த பிறகு கறியைப் போட்டு, அஞ்சாறு நிமிஷம் திருப்பித் திருப்பிச் சுடுங்க. கடைசி ஒரு நிமிஷத்துல, கரைச்ச கருப்பட்டியோட எலுமிச்சைச்சாறு கலந்து மேல பூசி, பளபளன்னு ஆனதும் எடுத்துடுங்க. எடுக்க லேட் பண்ணா இதுவும் கசக்கும்.

நடுவுல மழை வந்தா அடுப்பை ரூமுக்குள்ள தூக்கிட்டு வராதீங்க. கரியிலிருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடின அறையில ஆளையே கொன்னுடும். கறியை மட்டும் கீழே கொண்டுவந்து, தோசைக்கல்லுல முடிச்சுக்கோங்க.