மண் அள்ளாத பெக்கோ எதற்கு?

வத்தேகமையிலிருந்து ஒரு தகப்பன் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டுக்கு மேலே வீதி வேலை நடந்த நாட்களில் அவருடைய மகன் பாடசாலை விட்டதும் புத்தகப் பையோடு பெக்கோ மெசினைப் பார்த்தபடி நின்றுவிடுவானாம். பிறந்த நாளுக்குக் கடையில் மஞ்சள் நிறத்தில் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் லைட் எரிகிறது, பாட்டும் வருகிறது. முற்றத்து மண்ணில் வைத்து அமத்தினால் வாளி மேலே மடங்கிக்கொள்கிறது. “இது பொய் பெக்கோ” என்று பிள்ளை தூக்கிப் போட்டுவிட்டான். “உண்மையாகவே மண் அள்ளுகிற ஒன்றை வீட்டில் செய்ய முடியுமா?” என்று கேட்கிறார்.

முடியும். பிள்ளையின் தீர்ப்பும் சரியானது. மண்வெட்டி மண் வெட்ட வேண்டும், பெக்கோ மண் அள்ள வேண்டும். அந்த ஒரு வேலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்கிற பொம்மையைப் பெரியவர்கள் விற்கிறார்கள், பெரியவர்களே வாங்குகிறார்கள்.

பழைய பொம்மைக்காரர்கள் இதில் நேர்மையாக இருந்தார்கள். அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் லொறிகளுக்கு இரும்புத் தகட்டு உதிரிப்பாகம் செய்துவந்த பிரெட் லுண்டால் என்பவர், 1920களின் தொடக்கத்தில் அதே கனத் தகட்டை வெட்டித் தன் மகனுக்கு ஒரு லொறி செய்து கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கவே அது ‘படி எல்’ என்ற பெயரில் வியாபாரமானது. ஏறி உட்காரக்கூடிய லொறியும், மண் தோண்டும் நீராவிச் சவளும் அந்த வரிசையில் வந்தன. ‘டொங்கா’ என்ற பெயரில் 1947இல் முதன்முதலாக வந்த இரண்டு பொம்மைகளில் ஒன்றும் நீராவிச் சவள்தான். இவையெல்லாம் முற்றத்தில் மழையில் கிடந்து துருப்பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. லெகோ நிறுவனம் 1984இல் காற்றழுத்தக் குழல்களால் இயங்கும் பெக்கோ ஒன்றை வெளியிட்டது. 2019இல் அதே நிறுவனம் வெளியிட்ட லீப்ஹெர் சுரங்கப் பெக்கோவில் 4108 துண்டுகளும் 7 மோட்டர்களும் இருக்கின்றன. அது வியக்கத்தக்க பொறியியல். ஆனால் பெரிய விலை கொடுத்து வாங்கியதை மண்ணில் இறக்க எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது. அது அலுமாரிக்குப் போய்விடும்.

நமக்குத் தேவையான சாமானெல்லாம் வத்தேகம டவுனில் ஒரு சுற்றில் கிடைக்கும். பாமசியில் ஊசியில்லாத புதுச் சிரிஞ்சுகள் எட்டு, சலைன் குழாய் நாலைந்து முழம். வீட்டில் தடித்த காட்போட் அல்லது பிளைவுட் துண்டு, பழைய சைக்கிள் கம்பி, வாளிக்குக் கழுவிய யோகட் கப். ஆஸ்பத்திரிக் குப்பையில் கிடக்கும் சிரிஞ்சைப் பிள்ளைகள் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பாவித்த சிரிஞ்சைத் தொடவே கூடாது, எவ்வளவு கழுவினாலும் கூடாது. இப்படி வீட்டுச் சாமானில் பொம்மை செய்து அறிவியல் சொல்லிக்கொடுப்பதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட இந்தியப் பொறியியலாளர் அரவிந்த் குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் பாடசாலைகளில் ‘செயன்முறைத் தொழினுட்பத் திறன்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோகிற பாடவேளையும் பெரும்பாலும் அதுதான் என்பது எனக்குத் தீராத மனக்குறை.

ஒரு சிரிஞ்சைத் தள்ளினால் குழாயின் மறுமுனையில் உள்ள சிரிஞ்சு நீளும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாஸ்கல் விதியை எல்லோரும் படித்திருக்கிறோம். செய்யும்போது தவறுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது, காற்று. குழாயில் ஒரு குமிழி தங்கினாலும் கை அமத்துகிற பலம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், வாளி தொய்ந்து நிற்கும். ஆகவே இரண்டு சிரிஞ்சையும் குழாயையும் தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் அமிழ்த்தி வைத்தே பொருத்துங்கள். இரண்டாவது, எண்ணெய். உண்மையான பெக்கோவில் எண்ணெய்தானே ஓடுகிறது என்று சிலர் தேங்காயெண்ணெய் ஊற்றுவார்கள். சிரிஞ்சின் ரப்பர் முனை எண்ணெயில் ஊதி இறுகிவிடும், தண்ணீரே போதும். நிஜ இயந்திரத்தின் சீல்கள் எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டவை. அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 350 மடங்கு வரை ஏறுகிறது.

மூன்றாவது, திசை. சிரிஞ்சைத் தள்ளுவதில் பலம் உண்டு, இழுப்பதில் இல்லை. இழுக்கும்போது ரப்பரின் ஓரத்தால் காற்று புகுந்துவிடும். எனவே மண்ணைக் கிளறி அள்ளும் அசைவுகளெல்லாம் சிரிஞ்சு நீளும்போது நடக்கும்படி அமைக்க வேண்டும். வாளியை வெறுமையாக்கும் இலகுவான வேலையை இழுப்புக்கு விடுங்கள். அடுத்த முறை வீதியோரத்தில் நிஜப் பெக்கோவைக் கண்டால் கவனித்துப் பாருங்கள், அங்கும் இதே ஒழுங்குதான். சிரிஞ்சின் வேலையைச் செய்யும் உருளைக்குள் தண்டு இருக்கும் பக்கத்தில், தண்டின் பருமனளவுக்கு எண்ணெய் அமத்துகிற பரப்புக் குறைகிறது. அதனால் நீளும்போது கிடைக்கிற விசை சுருங்கும்போது கிடைப்பதில்லை. உடலிலிருந்து எழும் பெரிய கையான பூமின் முதுகில் கிடக்கும் உருளை நீளும்போதுதான், அதன் நுனியில் வாளியைத் தாங்கும் சின்னக் கையான ஆர்ம் உள்ளே வந்து மண்ணை இழுக்கிறது. வாளியின் உருளையும் நீளும்போதுதான் வாளி மடங்கி மண்ணை வாரிக்கொள்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். வாளிக்குப் பின்னால், ஆர்மின் நுனியில், சின்னச் சின்ன இரும்புப் பட்டைகள் சில ஆணிகளில் கோர்த்துத் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். உருளையின் தண்டு நேரே வாளியில் போய்ப் பொருந்துவதில்லை, அந்தப் பட்டைகளில்தான் பொருந்துகிறது. சேற்றில் குளித்துக் கிடப்பதால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முழு மெசினிலும் அதிக புத்தி அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன்.

தண்டை நேரே வாளியில் பூட்டிப் பாருங்கள். வாளி தன் ஆணியைச் சுற்றி வட்டமாகத் திரும்புகிறது, தண்டோ நேர்கோட்டில் தள்ளுகிறது. தண்டின் கோடு வாளியின் ஆணியை நெருங்க நெருங்கத் தள்ளுகிற விசைக்குத் திருப்புகிற வலு குறைந்துகொண்டே போகும். கோடு ஆணிக்கு மேலாகவே போகும்போது எவ்வளவு தள்ளினாலும் வாளி அசையாது. அப்படிப் பூட்டிய வாளி நல்ல பலத்தோடு கால் வட்டமோ அதைவிடச் சற்றுக் கூடவோதான் திரும்பும். அள்ளவும் வேண்டும், அள்ளியது சிந்தாமல் ஏந்தவும் வேண்டும், டிப்பருக்குள் முழுதாகக் கொட்டவும் வேண்டும் என்றால் அந்தத் திருப்பம் போதாது.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். கொழுந்து பறிக்கும் பெண்களின் கையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். செடியின் மேல் கவிழ்ந்திருக்கும் உள்ளங்கை, பிடி நிறைந்ததும் மணிக்கட்டில் ஒரு சுழற்று சுழன்று, தோளுக்குப் பின்னால் முதுகுக் கூடைக்குள் கொழுந்தை விசிறிவிட்டுத் திரும்பவும் செடிக்கு வந்துவிடும். முழங்கை கொஞ்சமே அசையும், உள்ளங்கை அரைவட்டம் திரும்பிவிடும். பெக்கோவின் அந்தப் பட்டைகள் செய்வதும் அதையே. சிறிய அசைவை வாங்கிப் பெரிய திருப்பமாகக் கொடுக்கின்றன.

செய்து பார்க்க அளவுகள் இதோ. ஆர்மின் நுனியில் வாளி தொங்குகிற ஆணி ஒன்று. அதற்கு 3 செ.மீ. மேலே ஆர்மிலேயே இரண்டாவது ஆணி. இந்த இரண்டாவது ஆணியில் 3.5 செ.மீ. பட்டை ஒன்றைத் தொங்க விடுங்கள். அதன் மறுநுனியில் மூன்றாவது ஆணி, சிரிஞ்சின் தண்டு வந்து தள்ள வேண்டியது இதைத்தான். அதே மூன்றாவது ஆணியிலிருந்து இன்னொரு பட்டை, 3 செ.மீ. நீளத்தில், வாளியின் முதுகில் இருக்கும் நான்காவது ஆணிக்குப் போக வேண்டும். முதலாம் ஆணிக்கும் நான்காம் ஆணிக்கும் இடையில் 2 செ.மீ. எல்லாம் துளைக்கு நடுவிலிருந்து துளைக்கு நடுவரை உள்ள அளவு. மேல் பட்டை ஆர்முக்குச் செங்குத்தாக நிற்கும் இடத்துக்குச் சற்று முன்பிருந்து சுமார் 70 பாகை அசையும்போது வாளி 150 பாகைக்குக் கிட்டத் திரும்பும். அதற்குத் தேவையான தள்ளல் 4 செ.மீ. மட்டுமே. 5 மி.லீ. சிரிஞ்சின் முழு ஓட்டமும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பூமைத் தூக்கப் பலம் அதிகம் தேவை, அங்கே 20 மி.லீ. சிரிஞ்சை வைத்துக் கையில் 5 மி.லீ. பிடியுங்கள். பலம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும், அசைவு அதே அளவுக்குக் குறையும். சுழற்றுவதற்கு ஒரு சோடி, ஆர்முக்கு ஒரு சோடி. பின்பக்கத்தில் கல்லோ பழைய பற்றரியோ பாரமாக வையுங்கள், இல்லாவிட்டால் முதல் வாளி மண்ணிலேயே மெசின் குப்புற விழும். வாளியின் வாயில் பல் வெட்ட மறக்காதீர்கள். அகலமான விளிம்பு மண்ணின் மேல் வழுக்கும், பல்லின் நுனி அதே விசையை ஒரு புள்ளியில் குவித்து உள்ளே இறங்கும்.

பெக்கோ தயாரானதும் ஒரு தட்டம் மண் வேண்டும். கடற்கரை மணலோ பொம்மைக் கடையில் விற்கும் நிறமணலோ வேண்டாம். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சிவப்பு மண்ணை இலேசாக ஈரப்படுத்தி, தட்டத்தின் ஒரு பக்கத்தில் மலைபோல் குவித்து அமத்துங்கள். பிள்ளை உடனே செய்யப் போவது எனக்குத் தெரியும். மலையின் அடியில் வாளியை வைத்து வீதி வெட்டுவான். வெட்டிய இடம் செங்குத்தாக, சுவர் போல் நிற்கும்.

விளையாட்டு மண் பொய் சொல்கிற இடம் இதுதான். ஈர மண்ணின் துணிக்கைகளுக்கு இடையில் ஓர் ஒட்டு இருக்கிறது. அந்த ஒட்டு எவ்வளவு உயரச் செங்குத்தைத் தாங்கும் என்பது மண்ணின் குணத்தைப் பொறுத்தது, பொம்மையின் அளவைப் பொறுத்ததல்ல. மெசினைச் சிறிதாக்கலாம், மலையைச் சிறிதாக்கலாம், மண்ணின் ஒட்டைச் சிறிதாக்க முடியாது. அதனால் 10 செ.மீ. உயரச் சுவர் எளிதாக நிற்கும். அதே மண்ணில் 10 மீற்றர் உயரம் வெட்டினால் பாரம் நூறு மடங்கு, ஒட்டு அதேதான். வெயிற்காலத்தில் நின்றாலும், மழையில் ஊறி அந்த ஒட்டும் தளர்ந்துவிட்டால் மண் கீழே வரும்.

வத்தேகமையிலிருந்து மடுல்கலைப் பக்கமாகவோ எல்கடுவைப் பக்கமாகவோ ஏறிப் போகிறவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பெக்கோ வருவதற்கு முன்னால் இந்த மலைகளில் அலவாங்கும் மண்வெட்டியும் தாச்சியும் கொண்டு வீதி வெட்டினார்கள். கையால் வெட்டுகிறவன் மலையின் வளைவோடு ஒத்துப் போகத்தான் வேண்டும், அதற்கு மேல் வெட்ட உடம்பு இடம் கொடுக்காது. இன்று மணித்தியாலக் கூலிக்கு ஒரு பெக்கோவைப் பிடித்து, ஒரு பகலுக்குள் மலையின் அடியைச் செங்குத்தாக வெட்டி, அந்தச் சுவருக்கு முதுகைக் கொடுத்து வீடு கட்டிவிட முடிகிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடத்துக்கு முன்னால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இடர் மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்படுகிறது. அதை வெறும் கடதாசித் தொல்லை என்று நினைத்து, முதலில் வெட்டிவிட்டுப் பிறகு அறிக்கைக்கு அலைகிறவர்களை நான் அறிவேன். மழையில் ஊறிய மலை என்ன செய்யும் என்பதற்கு 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதற்கு மேல் எங்களுக்கு என்ன பாடம் வேண்டும்?

தோட்டத்தில் பழைய ஆட்கள் இதைத் தொழிலாகவே அறிந்திருந்தார்கள். மலைச்சரிவின் குறுக்கே அளவான வாட்டத்தில் கான் வெட்டுவார்கள். பெய்த மழை மலைக்குள் ஊறாமல் கான் வழியே ஓடைக்குப் போய்விடும். கான் தூர்வாருவது தனி வேலையாகவே இருந்தது. இன்று எத்தனையோ மலைகளில் கான்கள் மண் மூடி, புல் முளைத்து, இருந்த இடமே தெரியாமல் கிடக்கின்றன.

ஆகவே, கடிதம் எழுதிய அன்பருக்கு ஒரு வேண்டுகோள். தட்டத்தில் ஒரு மலைக்குப் பதில் ஒரே அளவில் இரண்டு மலை குவியுங்கள். ஒன்றின் அடியை மகன் இஷ்டப்படி செங்குத்தாக வெட்டட்டும். மற்றதில் அதே அகல வீதியைப் படிப்படியாக, ஒவ்வொரு படியும் சற்றுப் பின்வாங்கி நிற்கும்படி வெட்டச் சொல்லுங்கள், மேல் விளிம்பில் ஒரு குச்சியால் கான் கீறி ஓரத்துக்கு வடிய விடுங்கள். பால்மா ரின் ஒன்றின் அடியில் ஆணியால் பொத்தல் போட்டு இரண்டு மலைக்கும் ஒரே அளவு தண்ணீரை மெதுவாகத் தூவ வேண்டும். எது முதலில் சரிகிறது என்பதைப் பிள்ளையே பார்க்கட்டும், நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள். சரிந்த மண்ணை அள்ளி வீதியைத் திறக்கும் வேலைக்கு 10 மி.லீ. சிரிஞ்சில் இன்னொரு அகலமான வாளி செய்து வைத்திருப்பது நல்லது, யோகட் கப் அந்தச் சேற்றுக்குத் தாங்காது.